என் ஒரு செம்புத் தண்ணீர்: அமெரிக்கா வாகனப் புகை விதியை வேரோடு எடுத்த கதை

2007 டிசம்பர் முதல் வாரத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சுருக்கமாக ஈ.பி.ஏ., வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. இணைப்பில் ஓர் ஆவணம். புவியைச் சூடாக்கும் வாயுக்கள் மக்களுக்கு ஆபத்தானவை, வாகனப் புகைக்கு அதில் பங்கு உண்டு, ஆகவே கட்டுப்படுத்தியாக வேண்டும் என்பது அதன் சாரம். வெள்ளை மாளிகை அதைத் திறக்கவே இல்லை. திறந்தால் அது வந்து சேர்ந்த அரசு ஆவணம் ஆகிவிடும், பதில் சொல்ல வேண்டிவரும். திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். அனுப்பிய அதிகாரி மறுத்தார், சில மாதங்களில் வேலையை விட்டும் போனார். பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று, உள்ளே இருந்துகொண்டே 'வீட்டில் ஆள் இல்லை' என்று குரல் கொடுப்பதைப் போன்ற வேலைதான் இது.

அந்த ஆவணத்தின் மறுபிறவி 2009 டிசம்பர் 7 அன்று கையெழுத்தானது. 2026 பிப்ரவரி 12 அன்று ரத்தானது. இடைப்பட்ட 16 ஆண்டுகளில் அமெரிக்காவில் விற்ற கார், லாரி, பிக்கப் எல்லாவற்றின் கரியமில வாயு வரம்புகளும் அந்த ஒரே தாளின் மேல்தான் நின்றன. அதை 'ஆபத்துத் தீர்மானம்' என்று இந்தக் கட்டுரையில் அழைக்கிறேன்.

அது ரத்தான செய்தியை நம் ஊடகங்கள் பெரும்பாலும் 'டிரம்ப் பருவநிலை அறிவியலை மறுத்தார்' என்ற ஒரே வரியில் முடித்துவிட்டன. ஆவணங்களைப் புரட்டினால் கதை வேறு மாதிரி இருக்கிறது. கடைசி ஆணை அறிவியலோடு மோதவே இல்லை. அது பிடித்துக்கொண்ட வாதங்களில் ஒன்று, நாம் சின்ன வயதில் கேட்ட கதைதான். ராஜா ஊர்க்குளத்தில் ஆளுக்கு ஒரு செம்பு பால் ஊற்றச் சொல்கிறார். ஊரே பால் ஊற்றும்போது என் ஒரு செம்புத் தண்ணீர் தெரியவா போகிறது என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் குளம் முழுக்கத் தண்ணீர்.

வடிகட்டிக்கு அகப்படாத வாயு

நம் ஊரில் வண்டிக்குப் புகைச் சான்றிதழ் எடுக்கப் போனால், சைலன்சர் குழாயில் ஒரு கம்பியைச் செருகி கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அவை அரைகுறையாக எரிந்த எரிபொருளின் அழுக்கு. நல்ல இன்ஜினும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இருந்தால் அவற்றைப் பெருமளவு குறைத்துவிடலாம்.

கரியமில வாயு அப்படியல்ல. அது முழுதாக எரிந்ததன் அடையாளம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. அதை எரித்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியே வருகிறது. முக்கால் கிலோ எப்படி 2.3 கிலோ ஆகும் என்று முதல் முறை கேட்கும் யாருக்கும் சந்தேகம் வரும். பெட்ரோலில் உள்ள கார்பன் ஒவ்வொன்றும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு போவதால் வந்த எடை அது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இதைக் குறைக்காது, மற்ற அழுக்குகளைக் கரியமில வாயுவாக மாற்றித்தான் அனுப்புகிறது.

ஆக, காரில் கரியமில வாயுவைக் குறைக்க ஒரே வழி, எரிபொருளைக் குறைவாக எரிப்பது. அதனால்தான் அமெரிக்காவில் ஒரே காருக்கு இரண்டு அமைப்புகள் விதி போட்டன. 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குப் பிறகு 1975-இல் வந்த சட்டப்படி, காலனுக்கு இத்தனை மைல் ஓட வேண்டும் என்று சொல்வது நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு. மைலுக்கு இத்தனை கிராம் வாயுதான் விடலாம் என்று சொன்னது ஈ.பி.ஏ. ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

பத்து வருடம் பிடித்த ஒரு கேள்வி

1970-இன் தூய காற்றுச் சட்டத்தில் 202-வது பிரிவு இருக்கிறது. மக்களின் உடல்நலத்துக்கோ பொது நலத்துக்கோ ஆபத்து தரக்கூடும் என்று நியாயமாக எதிர்பார்க்கத்தக்க காற்று மாசுக்கு, புதிய வாகனங்களிலிருந்து வரும் எந்த மாசுப்பொருள் காரணமானாலும் ஈ.பி.ஏ. அதற்கு வரம்பு விதிக்க வேண்டும் என்கிறது. 'பொது நலம்' என்றால் என்ன என்று அதே சட்டம் இன்னோர் இடத்தில் பட்டியல் போடுகிறது. மண், நீர், பயிர் என்று போகும் அந்தப் பட்டியலில் வானிலையும் இருக்கிறது, பருவநிலையும் இருக்கிறது. 'பருவநிலை என்ற பேச்சே அப்போது கிடையாது' என்று இன்று வாதிடுபவர்கள் இந்த வரியை வேகமாகத் தாண்டிப் போவதைக் கவனித்திருக்கிறேன்.

1999-இல் சில அமைப்புகள் சேர்ந்து, இந்தப் பிரிவின்படி, புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களையும் கட்டுப்படுத்துங்கள் என்று ஈ.பி.ஏ.-வுக்கு மனுக் கொடுத்தன. 2003-இல் ஈ.பி.ஏ. மறுத்தது. மாசசூசெட்ஸ் தலைமையில் 12 மாநிலங்களும் சில நகரங்களும் அமைப்புகளும் வழக்குப் போட்டன. கடல் உயர்ந்து என் கரையைத் தின்கிறது, ஆகவே வழக்குப் போட எனக்கு உரிமை உண்டு என்பது மாசசூசெட்ஸின் நிலை.

2006 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வாய்மொழி வாதம் நடந்தது. நீதிபதி அன்டோனின் ஸ்காலியா வளிமண்டல அடுக்கின் பெயரை மாற்றிச் சொல்லிவிட, வழக்கறிஞர் திருத்தினார். ஏதோ ஒன்று, நான்தான் விஞ்ஞானி இல்லை என்று சொன்னேனே, அதனால்தான் புவி வெப்பமடைதல் விவகாரத்தில் தலையிட எனக்கு விருப்பமில்லை என்ற பொருளில் அவர் பதில் சொல்ல, நீதிமன்றத்தில் சிரிப்பு. பிறகு எழுதிய மாறுபட்ட தீர்ப்பில், இப்படிப் பொருள் கொண்டால் காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் தட்டு முதல் வயிற்று வாயு வரை எல்லாமே மாசுப்பொருள்தான் என்று நக்கலடித்தார். தோற்ற பக்கத்தில் இருந்தாலும் எழுத்தில் சுவை குறையாத மனிதர்.

2007 ஏப்ரல் 2 அன்று தீர்ப்பு 5-க்கு 4. நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதினார். பசுங்குடில் வாயுக்கள் சட்டத்தின் அகன்ற விளக்கத்துக்குள் வரும் மாசுப்பொருள்களே, ஆபத்தா இல்லையா என்று ஈ.பி.ஏ. அறிவியலைப் பார்த்துச் சொல்ல வேண்டும், வேறு கொள்கைக் காரணங்களைக் காட்டி நழுவக் கூடாது என்றார். அரசுத் தரப்பு அன்றைக்கே செம்புத் தண்ணீர் வாதத்தை வைத்துப் பார்த்தது. சீனாவும் இந்தியாவும் கூட்டிக்கொண்டே போகும்போது எங்கள் கார்களால் என்ன ஆகிவிடும் என்று. ஸ்டீவன்ஸ் எண்ணைக் காட்டினார்: 1999-இல் அமெரிக்கப் போக்குவரத்து மட்டும் விட்ட கரியமில வாயு 170 கோடி டன்னுக்கு மேல், உலகத்தின் மொத்தத்தில் 6 சதவீதத்துக்கும் அதிகம். பெரிய பிரச்சினையை அரசாங்கங்கள் ஒரே அடியில் தீர்ப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அரிக்கும் என்றும் சொன்னார்.

அந்தத் தீர்ப்புக்குப் பதிலாகத்தான் ஈ.பி.ஏ. ஆவணம் தயாரித்தது. அதைத்தான் யாரும் திறக்கவில்லை. ஆட்சி மாறி, ஒபாமா காலத்தில் முகமையின் தலைவர் லிசா ஜாக்சன் 2009-இல் கையெழுத்திட்டார். கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு உட்பட ஆறு வாயுக்கள். கோபன்ஹேகன் பருவநிலை மாநாடு தொடங்கிய அதே நாள். தேதி தற்செயலாக அமைந்தது என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 2012-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்மானத்தை உறுதி செய்தது. அதை மறுபடி கிளற உச்ச நீதிமன்றம் 2013-இல் மறுத்துவிட்டது.

விதிகள் அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பலனும் தெரிந்தது. 2004 மாடல் ஆண்டில் அமெரிக்கப் புதிய வாகனங்களின் சராசரி காலனுக்கு 19.3 மைல், 2023-இல் 27.1 மைல். இன்னும் மேலே போயிருக்கலாம், விதியிலேயே ஓர் ஓட்டை இருந்தது. வண்டியின் அடிப்பரப்பை வைத்து, அதாவது நான்கு சக்கரங்களுக்கு நடுவில் உள்ள செவ்வகத்தை வைத்து, வரம்பைக் கணக்கிட்டார்கள். வண்டி அகலமானால் வரம்பும் தளரும். நிறுவனங்கள் சின்னக் கார்களைக் கைவிட்டுப் பெரிய எஸ்.யு.வி.களுக்குப் போனதற்கு வாடிக்கையாளர் ஆசையும் லாபமும் மட்டும் காரணமல்ல, இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இந்த விதிகளைக் கோயில் சிலை போல வைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

முதல் சுற்று: எண்ணை மட்டும் தொட்டார்கள்

டிரம்பின் முதல் ஆட்சியில் வேரைத் தொடவில்லை, கிளையை வெட்டினார்கள். ஒபாமா விதிப்படி ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சதவீதம் முன்னேற வேண்டும். 2018-இல் அதை 2020 அளவிலேயே நிறுத்தி வைக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். 2020 மார்ச்சில் முடிவான விதி ஆண்டுக்கு 1.5 சதவீதம் என்றது.

2018 முன்மொழிவோடு சேர்ந்து, நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு ஒரு சூழல் தாக்க அறிக்கை வெளியிட்டது. வெப்பமடைதலை அது மறுக்கவில்லை. மாறாக, 2100-க்குள் உலக வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிடச் சுமார் 4 டிகிரி செல்சியஸ் உயரும் என்று எழுதியது. பருவநிலை ஆர்வலர்கள்கூட அச்சத்தோடு உச்சரிக்கும் எண் அது. அப்புறம் அதே அறிக்கை, இந்தக் கார் விதியைத் தளர்த்துவதால் கூடுவது ஒரு டிகிரியின் மிகச் சிறிய துளிதான், எனவே பெரிய வித்தியாசமில்லை என்று முடித்தது. வீடு எப்படியும் எரியத்தான் போகிறது, ஒரு தீக்குச்சி கூடினால் என்ன என்கிற தர்க்கம். செம்புத் தண்ணீர், இரண்டாம் முறை.

கலிபோர்னியாவோடு சண்டை வந்ததும் அப்போதுதான். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் கண் எரியும் புகை மூட்டம் இறங்கியபோது, ஜப்பான் விஷ வாயு வீசிவிட்டது என்றே சிலர் பயந்தார்கள். வெயிலும் கார் புகையும் சேர்ந்து ஓசோனாக மாறுவதுதான் காரணம் என்று 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். நாட்டுக்கு முன்பே வாகனப் புகைக்கு விதி போட ஆரம்பித்த மாநிலம் என்பதால், மத்திய விதியைவிடக் கடுமையாகத் தனி விதி வைத்துக்கொள்ளும் விலக்கு 1967 முதல் கலிபோர்னியாவுக்கு மட்டும் உண்டு. மற்ற மாநிலங்கள் கலிபோர்னியாவைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம், சொந்தமாக எழுத முடியாது.

2019 செப்டம்பரில் அந்த விலக்கைப் பிடுங்கினார்கள். அதற்கு முன்பே, ஜூலையில், ஃபோர்டு, ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், பி.எம்.டபிள்யூ. ஆகிய நான்கு நிறுவனங்களும் கலிபோர்னியாவோடு தனியாக உடன்பாடு செய்துகொண்டிருந்தன. அரசு சலுகை தருகிறேன் என்கிறது, கம்பெனி வேண்டாம் என்கிறது. கார் வடிவமைப்பு ஐந்தாறு வருடம் முன்பே தொடங்கும் வேலை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாறும் அரசாங்கத்தை நம்பி யார் தொழிற்சாலை போடுவது? ஜெனரல் மோட்டார்ஸ் அரசின் பக்கம் நின்றது. 2020 நவம்பரில், தேர்தல் முடிந்த கையோடு, பக்கம் மாறியது.

பைடன் ஆட்சி எல்லாவற்றையும் திருப்பி வைத்தது. 2024 மார்ச் விதிப்படி 2032 மாடல் ஆண்டுக்குள் புதிய இலகு ரக வாகனங்களின் சராசரி மைலுக்கு 85 கிராம். 2026 அளவில் ஏறக்குறைய பாதி. 2055 வரை 700 கோடி டன்னுக்கு மேல் மிச்சமாகும் என்று கணக்கு.

இரண்டாம் சுற்று: வேரும் போனது

இரண்டாம் முறை பதவியேற்ற அன்றே, 2025 ஜனவரி 20 அன்று, ஆபத்துத் தீர்மானத்தை வைத்துக்கொள்ளலாமா என்று 30 நாளில் பரிந்துரை கொடுக்குமாறு டிரம்ப் ஈ.பி.ஏ.-வுக்கு உத்தரவிட்டார். முகமையின் புதிய தலைவர் லீ செல்டின் மார்ச் 12 அன்று 31 நடவடிக்கைகளை ஒரே நாளில் அறிவித்தார். 'பருவநிலை மாற்றம் என்னும் மதத்தின் நெஞ்சில் கத்தியை இறக்குகிறோம்' என்று பேசினார். எண்ணைத் தளர்த்தினால் அடுத்தவர் வந்து இறுக்குவார், அடித்தாளையே எடுத்துவிட்டால் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் ஆட்சியில் கற்ற பாடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் தாளை எடுக்கும் முன்பே சுற்றியிருந்த தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டினார்கள். 2025 ஜூன் 12 அன்று கலிபோர்னியாவின் மூன்று விலக்குகளை நாடாளுமன்றத் தீர்மானத்தின் மூலமே ரத்து செய்தார்கள். 2035-க்குப் பிறகு புதிய பெட்ரோல் கார் விற்பனை இல்லை என்ற விதிக்கான விலக்கும் அதில் ஒன்று. விலக்கு என்பது 'விதி' ஆகாது, இந்தச் சட்ட வழி இதற்குப் பொருந்தாது என்று செனட்டின் நடைமுறை அதிகாரியே கருத்துச் சொல்லியும் 51-க்கு 44 என்று நிறைவேறியது. கையெழுத்தான அன்றே கலிபோர்னியா வழக்குப் போட்டது.

அடுத்து ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டம். மின்வாகனம் வாங்குவோருக்கான 7,500 டாலர் வரிச்சலுகை செப்டம்பர் 30-உடன் முடிந்தது. மைலேஜ் விதியை மீறினால் கட்ட வேண்டிய அபராதம் 0 டாலர் ஆனது. இந்த இரண்டாவதை நான் இரண்டு முறை படித்தேன். விதியை நீக்கவில்லை, அபராதத்தைத்தான் பூஜ்யமாக்கினார்கள். ஹெல்மெட் கட்டாயம், போடாவிட்டால் அபராதம் 0 ரூபாய் என்று போர்டு வைப்பது மாதிரி.

ஜூலை 29 அன்று இண்டியானா மாநிலத்தில் ஒரு லாரி விற்பனை நிலையத்தில் நின்றுகொண்டு, தீர்மானத்தை ரத்து செய்யும் முன்மொழிவை செல்டின் அறிவித்தார். அதே நாளில் எரிசக்தித் துறை ஓர் அறிக்கையை வெளியிட்டது. ஜான் கிறிஸ்டி, ஜூடித் கறி, ஸ்டீவன் கூனின், ராஸ் மெக்கிட்ரிக், ராய் ஸ்பென்சர் ஆகிய ஐந்து பேர் எழுதியது. கரியமில வாயுவால் வரும் சேதம் மிகைப்படுத்தப்படுகிறது என்று அது சொன்னது, முன்மொழிவும் அதைத் துணைக்கு அழைத்தது.

அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். 85-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் சேர்ந்து 400 பக்கத்துக்கு மேல் மறுப்பு எழுதினார்கள். அந்த ஐவர் குழுவை அமைத்த விதமே சட்டத்துக்கு எதிரானது என்று வழக்கு வந்தது, செப்டம்பரில் குழுவே கலைக்கப்பட்டது. அதே மாதம் தேசிய அறிவியல் கழகங்கள் தம் அறிக்கையை வெளியிட்டன: 2009 தீர்மானம் சரியாகவே இருந்தது, காலத்தின் சோதனையைத் தாங்கியது, இன்று ஆதாரம் இன்னும் வலுத்திருக்கிறது, பசுங்குடில் வாயுக்களால் தீங்கு என்பது அறிவியல் விவாதத்துக்கு அப்பாற்பட்டது.

2026 பிப்ரவரி 12 அன்று வெள்ளை மாளிகையில் டிரம்பும் செல்டினும் இறுதி ஆணையை அறிவித்தார்கள். அமெரிக்க வரலாற்றிலேயே பெரிய விதிநீக்கம், 1.3 லட்சம் கோடி டாலர் மிச்சம் என்றார்கள். மேடைப் பேச்சு ஒன்று, ஆணையின் உள்ளே இருந்த வாதம் வேறொன்று. ஐவர் அறிக்கையை ஆணை தாங்கிப் பிடிக்கவில்லை. அறிவியல் வாதத்தை ஓரமாக வைத்துவிட்டு மூன்று சட்டக் கால்களில் நின்றது. முதலாவது, 202-வது பிரிவு சொல்லும் காற்று மாசு என்பது உள்ளூரிலோ வட்டாரத்திலோ சுவாசித்துப் பாதிக்கப்படும் மாசு மட்டுமே, உலகம் முழுக்கப் பரவிச் சூடாக்குவது அதில் சேராது. இரண்டாவது, இவ்வளவு பெரிய பொருளாதார முடிவை நாடாளுமன்றம் தெளிவாக ஒப்படைத்தால் ஒழிய ஒரு முகமை எடுக்கக் கூடாது. 2022-இல் மேற்கு விர்ஜினியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன கோட்பாடு இது. மூன்றாவது, அமெரிக்காவின் எல்லா வாகனங்களின் வாயுவையும் முழுதாக நிறுத்தினாலும் 2100 வரை உலகப் பருவநிலையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் வராது.

மூன்றாம் செம்பு.

இதை இத்தனை தரம் சொல்லிக்காட்டக் காரணம் இருக்கிறது. முதல் இரண்டு கால்களும் சட்டப் புத்தகத்துக்குள் நடக்கும் சண்டை. இரு பக்கமும் படித்தவர்கள் நேர்மையாக வேறுபடலாம். மூன்றாவது வெறும் கணக்கு. அமெரிக்கப் போக்குவரத்து இன்றும் ஆண்டுக்கு 170 கோடி டன்னுக்குக் குறையாமல் விடுகிறது. ஜப்பான் நாடு முழுவதும், அதன் மின் நிலையங்கள், உருக்காலைகள், வாகனங்கள் எல்லாம் சேர்ந்து விடுவதே சுமார் 100 கோடி டன்தான். இந்தச் செம்பு சின்னது என்றால், உலகத்தில் சில நாடுகளைத் தவிர வேறு யாருடைய செம்பும் கணக்கில் வராது.

யார் கேட்டார்கள் இதை?

வாகன நிறுவனங்கள் கேட்டது 2027-க்குப் பிந்தைய எண்களைத் தளர்த்தச் சொல்லித்தான். மின்வாகன விற்பனை எதிர்பார்த்த வேகத்தில் ஏறவில்லை, இலக்கை எட்ட முடியாது என்பது அவர்களின் புகார். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் வேரையே எடுப்பதில் பெரிய உற்சாகம் தெரியவில்லை. டெஸ்லா, தீர்மானத்தை வைத்திருங்கள் என்றே எழுதிக் கொடுத்தது. அதற்குச் சொந்தக் காரணம் உண்டு: வரம்பை எட்டாத நிறுவனங்களுக்கு, தன் மின்கார்களால் கிடைத்த உபரிப் புள்ளிகளை விற்று 2024-இல் மட்டும் 276 கோடி டாலர் வருமானம் பார்த்த நிறுவனம் அது.

எண்ணெய், மின் நிறுவனங்களின் தயக்கத்துக்கு வேறு காரணம். 2011-இல் சில மாநிலங்கள், உங்கள் புகையால் எங்களுக்குத் தொல்லை என்று மின் நிறுவனங்கள் மேல் நேரடி வழக்குப் போட்டபோது உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தூய காற்றுச் சட்டப்படி இதைக் கவனிக்க ஈ.பி.ஏ. இருக்கிறது, நீதிமன்றம் எதற்கு என்றது. இப்போது ஈ.பி.ஏ.-வே இது என் வேலை இல்லை என்று கையை விரித்தால்? தள்ளுபடியான வழக்குகள் மறுபடி கதவைத் தட்டலாம். வெயிலில் நிற்கிறோம் என்று குடையைக் குறை சொன்னவர்களுக்கு, அது மழையையும் தடுத்துக்கொண்டிருந்தது என்பது மடக்கிய பிறகுதான் உறைக்கிறது.

சாலையில் காரோட்டிக்கு உடனே தெரியக்கூடிய மாற்றம் ஒன்று உண்டு, சின்னதுதான். சிக்னலில் நின்றதும் இன்ஜின் தானாக அணைந்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் உயிர்பெறும் வசதி இருக்கிறதே, அதைப் பொருத்தும் நிறுவனங்களுக்கு ஈ.பி.ஏ. கணக்கில் கொஞ்சம் சலுகைப் புள்ளி கொடுத்துவந்தது. எல்லோரும் வெறுக்கும் வசதி என்று சொல்லி அதையும் செல்டின் முடித்துவைத்தார். எனக்கும் ஏ.சி. நின்றுபோகும் அந்த அரை நிமிடம் பிடிப்பதில்லை. பிடிக்காதவர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்று அது வடிவமைக்கப்பட்டிருந்தது.

பெரிய மாற்றம் தொழிற்சாலைகளில் நடக்கிறது. 2025 டிசம்பரில் ஃபோர்டு தன் மின்வாகனத் திட்டங்களைத் திருத்தி 1,950 கோடி டாலர் இழப்பைக் கணக்கில் எழுதியது. எஃப்-150 பிக்கப்பின் முழு மின்சார வடிவத்தை நிறுத்தியது. அதே மாதம், 2031-க்குள் காலனுக்கு 50 மைல் என்று இருந்த மைலேஜ் இலக்கை 34.5 ஆகக் குறைக்கும் முன்மொழிவும் வந்தது. சலுகை, அபராதம், கலிபோர்னியா, தீர்மானம் என்று நான்கு பக்கமும் காற்று மாறும்போது எந்தக் கம்பெனியும் கப்பல் பாயைப் பழையபடியே விரித்து வைத்திருக்காது.

இனி நீதிமன்றம்

இறுதி ஆணை அரசிதழில் வந்த 2026 பிப்ரவரி 18 அன்றே சுகாதார, சுற்றுச்சூழல் அமைப்புகள் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயின. (அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஸ்ரீ சீனிவாசன், திருநெல்வேலிப் பக்கத்துப் பூர்வீகம். வழக்கை விசாரிக்கும் அமர்வில் யார் வருவார்கள் என்பது வேறு விஷயம், நம் ஊர்ப் பெயர் வந்ததால் சொல்லி வைத்தேன்.)

முகமைக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. சட்டத்தின் பொருள் மங்கலாக இருந்தால் முகமையின் விளக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்ளும் பழக்கம் 40 ஆண்டு இருந்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஒழித்தது, பொருள் சொல்வது நீதிபதியின் வேலை என்றது. பழமைவாதிகள் கொண்டாடிய தீர்ப்பு. இப்போது ஈ.பி.ஏ., 202-வது பிரிவுக்கு நான் சொல்லும் புதிய பொருளே சரி என்று போய் நிற்கும்போது, பொருள் சொல்வது உன் வேலை இல்லை, அதை 2007-லேயே நாங்கள் சொல்லிவிட்டோம் என்று கீழ் நீதிமன்றம் பதில் சொல்ல இடம் இருக்கிறது.

மேலே போனால் கதை வேறு. 2007-இல் பெரும்பான்மையில் இருந்த ஐவர் ஸ்டீவன்ஸ், கென்னடி, சூட்டர், கின்ஸ்பர்க், பிரையர். ஆணை வந்த 2026 பிப்ரவரியில் அவர்களில் ஒருவர்கூட உச்ச நீதிமன்றத்தில் இல்லை. தோற்ற நால்வரில் ஸ்காலியா தவிர மற்ற மூவரும், ராபர்ட்ஸ், தாமஸ், அலிட்டோ, அதே நாற்காலிகளில் இருந்தார்கள். சட்டத்தின் வாசகம் ஓர் எழுத்துகூட மாறாமல், வாசிப்பவர்கள் மாறியிருக்கிறார்கள். ஆணையை எழுதியவர்களின் கண் இந்த எண்ணிக்கையில்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தால், அடுத்து வரும் எந்த அதிபரும் புதிய சட்டம் இல்லாமல் இந்தத் தாளை மறுபடி எழுத முடியாது.

இதற்கு நடுவில், மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் ஈ.பி.ஏ.-வின் வாகனச் சோதனைக்கூடம் இருக்கிறது. அங்கே காரை உருளைகளின் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். சக்கரம் ஓடும், கார் நகராது. நகர ஓட்டம் போலவும் நெடுஞ்சாலை ஓட்டம் போலவும் வகுத்த அட்டவணைப்படி ஓட்டுநர் திரையைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். பின்னால் வரும் புகையைப் பைகளில் பிடிப்பார்கள். புதிய ஆணைப்படி, நிறுவனங்கள் இனி வாகனத்தின் பசுங்குடில் வாயுவைக் கட்டுப்படுத்தவும் வேண்டாம், அதற்காக அளந்து அறிக்கை கொடுக்கவும் வேண்டாம். ஏற்கெனவே விற்ற பழைய மாடல்களுக்கும் சேர்த்து.

ஆனால் மைலேஜ் சோதனை 1975 சட்டத்தில் இருப்பது, அதை ஆணை தொடவில்லை. ஷோரூமில் கண்ணாடியில் ஒட்டும் 'காலனுக்கு இத்தனை மைல்' என்ற தாளுக்கான எண் அந்தச் சோதனையிலிருந்துதான் வருகிறது. எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்பதை டேங்கை அளந்து கண்டுபிடிப்பதில்லை. உள்ளே போன கார்பன்தான் வெளியே வர வேண்டும் என்ற கணக்கில், பையில் பிடித்த புகையில் உள்ள கார்பனை எடைபோட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தக் கார்பனில் பெரும்பங்கு கரியமில வாயுவாகத்தான் இருக்கிறது. ஆகவே ஆன் ஆர்பரில் ஒவ்வொரு பையையும் கருவியில் மாட்டி, கரியமில வாயு எவ்வளவு என்று இப்போதும் அளக்கிறார்கள்.